பங்களாப் புல்லும் தை மாதத்துப் பனியும்

பனி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? மார்கழியில் வைக்கோல் படப்பு நனைந்திருக்கும், நாலு பேருக்குச் சளி பிடிக்கும், காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிவார்கள். அவ்வளவுதான் பனி. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், ஆற்றுப் பாய்ச்சலில், சேற்றிலும் வரப்பிலும் ஓடி வளர்ந்தவள் நான். தண்ணீர் கல்லாகும், குளிரில் புல் கருகும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், "போய்யா, வேற ஆளப் பாரு" என்று சிரித்திருப்பேன். அப்படிச் சிரித்திருக்கக்கூடிய வாய்க்கு மூன்று குளிர்காலம் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன். அம்மாவுக்குக் கடைசித் தம்பி. கழுத்தில் தாலி ஏறிய பிறகும் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு வாயில் முத்து உதிராது. எதைக் கேட்டாலும் ஒரு "ம்". ஆனால் வயலுக்கு நீர் பாய்ச்ச அவரைப்போல ஆள் கிடையாது. மண்வெட்டியால் வரப்பில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நிற்பார், தண்ணீர் நாய்க்குட்டி மாதிரி அவர் சொன்ன பக்கம் போகும். அண்ணன்மார் வயல் எல்லாவற்றுக்கும் அவர்தான் பாய்ச்சினார். ஒருநாள் களத்துமேட்டில் நாலு பேர் நிற்கும்போது மூத்தவர், "இவனுக்கு மடை திறக்கிறதத் தவிர என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொன்னாராம். இவர் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். "இனிமே அந்த மடைப் பக்கம் போக மாட்டேன் புள்ள" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்குப் பயமாக இருந்தது.

உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், குதிரைகளில் அரிசி, மிளகாய், கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு குரங்கணி வழியாக மேலே எஸ்டேட்டுகளுக்குப் போய் விற்று வருவார். என்னைத் தங்கச்சி என்றும் இவரை மாப்ள என்றும் கூப்பிடுகிற பழக்கம். அவர்தான் சொன்னார், மேலே மலை உச்சியில் துரைமார் வந்து தங்குகிற பங்களா ஒன்று இருக்கிறது, அதைப் பராமரிக்கத் தண்ணீர் விவரம் தெரிந்த ஆள் வேண்டும், வீடும் கொடுத்துச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று. "நான் வாக்குக் குடுத்து ஒங்கள வைக்கிறேன் மாப்ள. நீங்க பாட்டுக்கு ராத்திரியோட ராத்திரியா எறங்கிப் போயிட்டீகன்னா, அப்பறம் என் குதிர அந்த மலையில ஏற முடியாது" என்றார். இவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" என் தலைவிதியாகப் போயிற்று.

இது முப்பதுகளின் நடுவில். வெள்ளைக்காரன் மலையெல்லாம் தேயிலை போட்டு உட்கார்ந்திருந்த காலம். நாங்கள் ஏறிப்போன பாதைக்கு மேலே, இரும்புக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு கீழே இறங்கின. நான் மூச்சிரைக்க மேலே ஏறுகிறேன், தேயிலை சொகுசாகக் கீழே போகிறது. "அந்தப் பெட்டியில என்னையும் வச்சுக் கீழ அனுப்பிருங்க மாமா" என்று கேலி பேசினேன். அவர் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார்.

பங்களா ஒரு மொட்டை மேட்டில் இருந்தது. தகரக் கூரை, கல் சுவர், அறைக்கு ஒரு கணப்பு. பங்களாவுக்கு முன்னால் ஒரு புல்தரை. புல் என்றால் நம் வரப்புப் புல் இல்லை. சீமையிலிருந்து விதை வரவழைத்துப் போட்டதாம். பச்சைக் கம்பளி விரித்த மாதிரி இருக்கும், ஒரு முள் கிடையாது, ஒரு கல் கிடையாது. அங்கேதான் துரைமாரும் துரைசானிமாரும் பந்து அடிப்பார்கள். சுற்று எஸ்டேட்டுகளிலிருந்து குளிர் மாதங்களில் வருவார்கள், சில நாட்கள் பந்தடிப்பார்கள், கணப்பின் முன்னால் உட்கார்ந்து குடிப்பார்கள், போய்விடுவார்கள். பெரிய துரையோடு மலையாளத்துப் பட்லர் ஒருவர் வந்து சமைத்துப் போட்டுவிட்டு அவரோடே போய்விடுவார். மற்ற நாட்களில் அந்த மேட்டில் நாங்கள் இரண்டே பேர். கூலியாட்களின் லயன் வீடுகள் அடுத்த மலை முதுகுக்கு அந்தப் பக்கம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவர்கள் வீட்டுக் குழந்தை அழுவது மட்டும் கேட்கும். சில நாள் அந்த அழுகைக்காகவே வெளியே வந்து நின்றிருக்கிறேன்.

எனக்கு வாய் நீளம். ஊரில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால், துவைத்த துணி காய்வதற்குள் தெருவில் உள்ள அத்தனை வீட்டுச் சங்கதியும் பேசி முடித்திருப்பேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மேகத்துக்குள் வைத்தால் என்ன செய்வாள்? அடுப்போடு பேசினேன். "எரியேன்டி சனியனே, ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று ஈர விறகைத் திட்டினேன். ராவுத்தர் கொடுத்த கோழி ஒன்றோடு நாள் முழுக்கப் பேசினேன். அதையும் காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போயிற்று. மேட்டின் கிழக்கு விளிம்பில் ஒரு பாறை உண்டு. மேகம் விலகினால் அங்கிருந்து கீழே பள்ளத்தாக்கு தெரியும். குளங்கள் மின்னும். எங்கேயாவது ஒரு பச்சைத் திட்டு தெரிந்தால், "அந்தா நம்ம ஊரு!" என்று கத்துவேன். "அது போடி டவுனு" என்பார் அவர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது எங்கள் ஊராகத்தான் தெரிந்தது.

முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். பெரிய துரையும் விருந்தாளிகளும் வந்து தங்கியிருந்தார்கள். நான் என்ன கண்டேன்? விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். வீடு என்று இருந்தால் வாசல் தெளிக்க வேண்டாமா? எங்கள் குடிசைக்கு வாசல் என்று ஒன்றும் இல்லை, வெறும் சரிவு. அதனால் பங்களாப் படிக்கட்டிலேயே இரண்டு வாளித் தண்ணீரைச் சளீர் சளீர் என்று அடித்துவிட்டு, கோலப்பொடி எடுத்துவர வீட்டுக்குப் போனேன். துரை வீட்டு வாசலில் இழைக்கோலம் போட்டால் மெச்சுவார்கள் என்று ஒரு நினைப்பு வேறு. திரும்பி வருவதற்குள் தடாலென்று ஒரு சத்தம். பட்லர் காபித் தட்டோடு மேல்படியிலிருந்து கீழ்படிக்கு வந்து கிடந்தார். படி முழுக்கக் கண்ணாடி பதித்தாற்போல மின்னியது. நான் தெளித்த தண்ணீர்தான்.

"எந்தா பெண்ணே இது? எண்டெ இடுப்பு போயி!" என்று அவர் அலற, நான் பதறிப்போய் அவரைத் தூக்கக் குறுக்கு வழியில் ஓடினேன். குறுக்கு வழி என்பது புல்தரை. புல்மேல் உப்பு தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. காலை வைத்தால் நறநறவென்று நொறுங்கியது. பட்லர் இடுப்பை மறந்துவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "புல்லில் சவிட்டல்லே! சவிட்டல்லே!" என்று கத்தினார். மிதிக்காதே என்கிறார் என்று புரியும்போது நான் முழுக்க மிதித்து முடித்திருந்தேன்.

உறைந்த புல்லை மிதித்தால் மிதித்த இடம் செத்துவிடும். எனக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த நாள் பார்த்தால் பச்சைப் புல்லின் நடுவில் என் காலடிகள் கருப்பு கருப்பாகப் பதிந்து கிடந்தன. மாசி போய்ப் பங்குனி வரும்வரை அவை அப்படியே இருந்தன. துரைமார் எல்லாம் போன பிறகு, ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரோ ஒருத்தி எங்களைப் பார்க்க வந்து போன மாதிரி இருக்கும். வந்தவள் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் பனியைப் படித்துவிட்டார். சாயங்காலம் காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தால் விடிகாலையில் பனி உறுதி. மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பொழுது சாயும்போதே குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, மேலே வைக்கோலைச் சுற்றிச் சாக்கைக் கட்டுவார், இல்லையென்றால் குழாய் வெடித்துவிடும். வெள்ளி முளைத்ததும் எழுந்து, தொட்டியிலிருந்து பூவாளிகளில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைப்பார். வெயில் புல்மேல் விழுவதற்கு முன்னால் அந்தப் பனியைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும். கரைக்காமல் விட்டால் வெயில் பட்ட உடனே புல் வெந்துபோகும். ஓரத்தில் நின்று ஊற்றி, கரைந்த இடத்தில் ஒரு கால் வைத்து, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு ஊற்றி, அப்படியே அங்குலம் அங்குலமாக உள்ளே போவார். மேட்டில் பனி குறைவாகப் பிடிக்கும், பள்ளமான மூலையில் அதிகம். எந்த மூலைக்கு எத்தனை பூவாளி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் மடைத் தண்ணீரைப் பார்த்த கண்ணோடு இந்தப் புல்லைப் பார்த்தார். சொல்லப்போனால் என்னைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தார்.

அவர் வேலை முடித்து, விரல்கள் நீலம் பாரித்து அடுப்படிக்கு வருவார். நான் கேட்பேன், "இன்னைக்குப் பனி எப்படி மாமா?"

"பள்ளத்துல மட்டும் புள்ள."

அல்லது, "மேட்டுலயும் புடிச்சிருச்சு."

அதுதான் எங்களுக்குள் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சு. மழை மாதங்களில் அதுவும் கிடையாது. அதனால் பனிக்காலம் வந்தால் எனக்கு ஒருவகையில் ஆறுதல். வெட்கக்கேடுதான், வேறு என்ன சொல்ல?

இரண்டாம் வருசம் மார்கழியில் ராவுத்தர் வெற்றிலையும் சேதியும் கொண்டுவந்தார். "தங்கச்சி, ஒங்க தங்கச்சிக்குத் தையில முகூர்த்தம் வச்சுட்டாக. மாப்ளையக் கூட்டிக்கிட்டு முன்னாடியே வந்துரணும்னு ஒங்கய்யா சொல்லச் சொன்னாக."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்கூடப் பிறந்த ஒரே தங்கை. அவளுக்கு மடியில் வைத்துச் சோறு ஊட்டியவள் நான். இவர் அவளுக்கும் தாய்மாமன், முறை செய்ய வேண்டிய ஆள். பெரிய மாமன்மார் இருக்கிறார்கள், சடங்கு நிற்காது. ஆனால் கடைசி மாமன் எங்கே என்று கல்யாண வீட்டில் கேட்காமல் இருப்பார்களா?

"தொரகிட்டக் கேட்டீகளா மாமா?" என்று தினமும் பிடுங்கினேன்.

"பாப்போம்" என்றார். பிறகு அதுவும் போய் "ம்" என்றார். பிறகு ஒருநாள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "தையிலதான் புள்ள பனி சாஸ்தி. நான் எறங்குனா புல்லு போயிரும். நீ வேணா ராவுத்தரோட போயிட்டு வா" என்றார்.

எப்படிப் போவது? புருசன் இல்லாமல் தங்கை கல்யாணத்தில் போய்த் தனியாக நின்றால் ஊர் வாயை மூட முடியுமா? வாழாவெட்டியாக வந்துவிட்டாள் என்று பந்தி முடிவதற்குள் பேசி முடித்திருப்பார்கள். போகவில்லை. முகூர்த்த நாளன்று விடிந்ததும் கிழக்குப் பாறைக்குப் போனேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை வெளேரென்று மேகம். ஒரு குளம் தெரியவில்லை, ஒரு பச்சைத் திட்டு தெரியவில்லை. "அந்தா நம்ம ஊரு" என்று சொல்லப் பொய்யாகக்கூட ஒன்றும் இல்லை. மேகத்துக்கு அடியில் இந்நேரம் தாலி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வெயில் சுள்ளென்று உறைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் அவர் புல்லுக்கு நீர் ஊற்றி முடித்துப் பூவாளிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புல் பச்சைப் பசேலென்று சிரித்தது. அதைப் போல வேறு எதையும் நான் வெறுத்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு நின்றுபோனது. கோபம் என்று நினைத்தால் தப்பு. கோபமாக இருந்திருந்தால் சட்டி பானையை உடைத்திருப்பேன், நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேன். இது அப்படியில்லை. கோடையில் கிணறு எப்படி வற்றும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அப்படி. அடுப்போடு பேசவில்லை. ஈர விறகைத் திட்டவில்லை. பாறைக்குப் போகவில்லை. "பனி எப்படி?" என்று கேட்கவில்லை. சமைத்தேன், கழுவினேன், படுத்தேன்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அவர் பேச ஆரம்பித்தார்! கேட்காமலே அடுப்படியில் வந்து குத்தவைத்துக்கொண்டு சொல்வார்: "இன்னைக்குப் பள்ளத்துல நல்லாப் புடிச்சிருந்துச்சு புள்ள. மேட்டுல சும்மா பொடி தூவுன மாதிரி." நான் கஞ்சியை ஊற்றுவேன். மறுநாள், "குழாச் சாக்கு மேல பனி புடிச்சு அது ஒரு பூனைக்குட்டி மாதிரி இருந்துச்சு புள்ள, வந்து பாரு." நான் போக மாட்டேன். பனி முடிந்து மழை வந்தது. "இன்னைக்கு அட்டை கம்மி." "லயன் பக்கம் புதுசா ஒரு புள்ள அழுகுது, கேட்டியா?" ஆயுசுக்கும் பேசாத மனிதர், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியது. தொண்டைக்குக் கீழே எதுவும் இல்லை. இப்படியே அந்த வருசம் கழிந்து, மூன்றாவது குளிர்காலம் வந்தது.

அந்தத் தையில் பெரிய துரை தன் சிநேகிதர்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சொன்ன நாளில் மத்தியானம் வந்துவிடுவார்கள். முந்தின நாளே என் வீட்டுக்காரர் கணப்புகளைச் சுத்தம் செய்து, கூரை ஆணிகளைத் தட்டி, புல்லை ஒட்ட வெட்டிக் கோடு போட்டு வைத்திருந்தார். சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

விடிகாலையில் எனக்கு விழிப்பு வந்தது. ஏதோ சரியில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. பூவாளியிலிருந்து தண்ணீர் விழுகிற அந்தச் சலசலப்பு இல்லாத பனிக்காலை எனக்குப் பழக்கமில்லை. மனுசனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினேன்.

புல்தரை முழுக்க வெள்ளை. மேடு, பள்ளம், மூலை முடுக்கு எல்லாம் வெள்ளை. அந்த மூன்று குளிர்காலத்தில் நான் பார்த்த பனியிலேயே பெரிய பனி அதுதான். ஓரத்தில் பூவாளிகள் நிரம்பி வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர் மலையின் தலையில் வெயில் வந்துவிட்டது. சரிவில் கோடு கிழித்தாற்போல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா!" என்றேன். பல மாதம் கழித்து என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "மாமா, வெயிலு எறங்குது!"

"எறங்கட்டும்" என்றார்.

நான் ஒரு பூவாளியைத் தூக்கினேன். அவர் கை நீட்டி அதன் பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாத புள்ள."

"கருகிரும் மாமா! தொர மத்தியானம் வாராக!"

"கருகட்டும். கருகுனாத்தான் நம்மள அனுப்புவாக."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒந் தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டேன். லீவு இல்லன்னாக. அப்பறம் நீ பேசாமப் போனியா, மறுபடி போயி, எனக்கு வேல வேணாம், எறங்கிக்கிறேன்னு கேட்டேன். தொர சிரிச்சாக. தோள்ல தட்டி ஒரு கம்பளி குடுத்தாக. இந்தப் புல்லு இப்படிப் பச்சையா இருக்க மட்டும் ஒன்னைய விட மாட்டேன்னு சொன்னாகன்னு பட்லர் சொன்னாரு. ஓடிப்போயிறலாம். ஆனா ராவுத்தர் வாக்குக் குடுத்துருக்காரு, அவரு பொழப்புப் போயிரும். பனி கொன்னுச்சுன்னா யாரு மேலயும் குத்தமில்ல புள்ள."

நான் போர்த்தியிருந்தது அந்தக் கம்பளிதான். துரை கொடுத்தார் என்று மட்டும் சொல்லி அவர் என் மேல் போட்டது. ஏன் கொடுத்தார் என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இருந்தேனா?

அடப் பாவி மனுசா, என்று மனசுக்குள் கத்தினேன். இந்தப் புல்தான் அவருடைய மதிப்பு. களத்துமேட்டில் அண்ணன் சொன்ன சொல்லுக்கு அவர் வளர்த்த பதில் இந்தப் புல். எனக்கு அது தெரியும். அதனால்தான் அதை அத்தனை வெறுத்தேன். "வேணாம் மாமா" என்று பூவாளியைப் பிடித்து இழுத்தேன். "நான் பேசுறேன், இனிமே பேசிக்கிட்டே இருப்பேன், தண்ணிய ஊத்துங்க." அவர் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் அந்தப் பூவாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் மேட்டில் ஏறியது. முதலில் ஓரத்தில் பட்டது, பிறகு நடுவில். ஒரு நிமிசம் புல்தரை முழுக்க மூக்குத்திகள் கொட்டினாற்போல மின்னியது. அவ்வளவு அழகை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு மினுமினுப்பு போய் ஈரமாயிற்று. மத்தியானத்துக்குள் பச்சை சுருண்டு பழுப்பாகி, பள்ளத்து மூலை வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. பூவாளித் தண்ணீரை எல்லாம் மறுபடி தொட்டியிலேயே ஊற்றி வைத்தார்.

பெரிய துரை கத்தவில்லை. புல்லைச் சுற்றி ஒருதரம் நடந்தார், பட்லரிடம் ஏதோ சொன்னார், உள்ளே போய்விட்டார். "நாளெ வேறெ ஆள் வரும். நீங்கள் இறங்ஙிக்கோ" என்றார் பட்லர். என்னைப் பார்க்காமல் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். அவருக்கும் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் கிளம்பும்போது பழசாகிப்போன ஒரு பூவாளியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

வழியில் ராவுத்தர் குதிரைகளோடு எதிரே வந்தார். விவரம் கேட்டு, "பனி கொன்னா மனுசன் என்ன செய்வான் மாப்ள? விடுங்க" என்று ஆறுதல் சொன்னார். கடைசிவரை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஊருக்குள் நுழைந்த அன்றே எனக்கு வாய் திரும்பிவிட்டது. தங்கை மாசமாக இருந்தாள். இரண்டு வருசப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசினேன், கேட்டவர்கள்தான் களைத்துப்போனார்கள். அவர் அண்ணன்மார் வயலுக்குப் போகவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒருவருக்கு நீர் பாய்ச்சப் போனார். ஊரே அவரிடம் பேசியது. மலை எப்படி, துரை எப்படி, கரடி உண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "ம்". தண்ணீர் கல்லாகும் என்று நான் எடுத்துச் சொன்னால், "ஏத்தா, மலைக்குப் போயிட்டு வந்து ரொம்பத்தான் கதை விடுறா" என்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே இருந்தபோது என்னிடம் அத்தனை வார்த்தைகள் பொறுக்கிக் கொண்டுவந்தாரே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அடுத்த தை வந்தது. ஒருநாள் விடிகாலையில் வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்தேன். வாசல் ஏற்கெனவே நனைந்திருந்தது. பாதி வாசலில் அவர் நின்றுகொண்டு, பழைய பூவாளியால், ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே என்று அங்குலம் தவறாமல் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நனைந்த இடத்தில் கால் வைத்து, நனையாத இடத்துக்கு ஊற்றினார். எதிர்வீட்டுக்காரிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆம்பிளை வாசல் தெளிக்கிறதை யார் பார்த்திருக்கிறார்கள்?

"குடுங்க இங்கன! ஊரு சிரிக்குது" என்று பூவாளியைப் பிடுங்கினேன். அவர் உடனே விட்டுவிட்டார். சுவர் ஓரமாகப் போய், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் அப்படி உட்கார்ந்ததை முன்பு நான் எங்கே பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். மேகத்துக்குள் நான் எப்படி இருந்தேனோ, அப்படித்தான் இந்த மனிதர் இத்தனை சனங்களுக்கு நடுவில் இந்த ஒரு வருசமாக இருந்திருக்கிறார். நான் பேசிக்கொண்டே இருந்ததில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பூவாளியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரிகளுக்கும் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே கேட்டேன், "இன்னைக்கு மேல பனி எப்படிப் புடிச்சிருக்கும் மாமா? மேட்டுலயா, பள்ளத்துலயா?"

அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "மேட்டுலயும் புடிச்சிருக்கும் புள்ள" என்றார். "நேத்து சாயங்காலமே காத்து அடங்கிருச்சுல்ல. பள்ளத்து மூலைக்குக் கூடுதலா ஊத்தணும். புது ஆளுக்கு அது தெரியுமோ என்னமோ..." பேசிக்கொண்டே எழுந்து மீதி வாசலுக்கு ஊற்ற ஆரம்பித்தார். அவர் முடிக்கட்டும் என்று கோலப்பொடியை வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.